கடல் நோகாமல் மீன் சமைக்க 26 குறிப்புகள்

பழனி பக்கத்துக் கீரனூரில் இருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்கும் வாசம் வரும். இந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் நாவல் ஒன்றுக்கு ‘மீன்காரத் தெரு’ என்றே பெயர். கடல் தூரமாக இருந்தாலும் மீன் நமக்குத் தூரமில்லை.

ராமேசுவரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, கேரளம் என்று நாலு பக்கத்திலிருந்தும் ஐஸ் பெட்டியில் மீன் வருகிறது. அது வரும் கடலின் நிலைமை நன்றாக இல்லை. உலகில் கணக்கெடுத்துப் பார்த்த மீன்வளத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பங்கு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை.

“நாம சாப்பிடுறதை மாத்திக்கிட்டா கடல் பிழைச்சிடுமாம்மா?” என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அதனால் மட்டும் பிழைக்காது. ஆனால் நிச்சயம் உதவும். நாம் கேட்கும் மீனைத்தான் கடைக்காரர் ஏலத்தில் எடுக்கிறார். ஏலத்தில் விலை போகும் மீனுக்குத்தான் கடலில் வலை இறங்குகிறது. அந்த வலைக்குச் சேதி சொல்ல நம் வீட்டுப் பெண்களால் முடியும். நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்துப் பார்த்த வழிகளை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

கடைக்குக் கிளம்பும் முன்

1. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கடல் மீனுக்கு ஓய்வு கொடுங்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை 2017இல் 61 நாளானது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக விடும் இடைவெளி இது. தமிழ்க் கணக்கில் பார்த்தால் சரியாகச் சித்திரையும் வைகாசியும். புரட்டாசியில் கவுச்சி தொடாமல் இருப்பது நமக்குப் புதிதில்லை. அதே மனதோடு இந்த இரண்டு மாதம் குளத்து மீனுக்கும் கருவாட்டுக்கும் மாறிக்கொள்ளலாம். ஆனி பிறந்ததும் நல்ல மீன் வரும்.

2. அந்த இரண்டு மாதத்திலும் கடையில் கடல் மீன் இருந்தால் அது திருட்டு மீன் என்று எண்ண வேண்டாம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. மேற்குக் கடற்கரையின் தடைக்காலமும் வேறு. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப்படகுகள் நிறுத்தப்படுகின்றன. விருந்தாளி வந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால் நாட்டுப்படகு மீன் கேட்டு வாங்குங்கள்.

3. இன்ன மீன்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். எல்லா வீட்டிலும் வஞ்சிரம், வாவல், இறால் என்று மூன்றே பெயர் சொன்னால், அந்த மூன்றையும் தேடித் தேடிப் பிடிப்பார்கள். மசாலாவை மட்டும் வீட்டில் தயாராக வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்ன நிறைய வந்திருக்கிறது என்று கேளுங்கள். நிறைய வந்த மீன் விலையும் குறைவு.

4. அளவு தெரிந்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு முன்பு ஒரு கிலோ எடுப்போம். மீந்ததை இரண்டாம் நாள் இரவு பூனைக்கு வைப்போம். இப்போது அரைக்கிலோதான், குழம்பில் ஒரு முருங்கைக்காயும் இரண்டு கத்திரிக்காயும் சேர்ந்துவிடும். வாரம் அரைக்கிலோ குறைந்தால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 26 கிலோ. நூறு வீடு உள்ள ஒரு தெரு இப்படிச் செய்தால் 2,600 கிலோ. ஒரு தெரு விட்டுக்கொடுத்தது இரண்டரை டன்னுக்கு மேல்!

5. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போங்கள். மீன் வாங்கிய பாலித்தீன் பையைக் கழுவி யாரும் மறுபடி பயன்படுத்துவதில்லை. நாற்றத்துக்குப் பயந்து தெருமுனையில் எறிகிறோம். மூடி போட்ட பாத்திரத்தில் இரண்டு ஐஸ் கட்டியோடு வாங்கி வந்தால் மீனும் வீடு வரும் வரை கெடாது.

கடையில் நின்று பார்க்கும்போது

6. சாண் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்தி அரைச் சாணாவது இருக்க வேண்டும். அயிலை முக்கால் சாண். கேரள அரசு மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. என்று குறைந்த அளவு வைத்து, அதற்குச் சிறியதைப் பிடிக்கத் தடை போட்டிருக்கிறது. ஒரு முறை மலிவு என்று விரல் நீள மத்தி ஒரு கிலோ வாங்கிவிட்டேன். சுத்தம் செய்ய உட்கார்ந்தபோது கிலோவுக்கு எண்ண முடியாத அளவு தலைகள். ஒன்றின் வயிற்றிலும் சினை இல்லை. அத்தனையும் ஒரு முறைகூட முட்டையிடாத குஞ்சுகள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடல் சூடேறியது ஒரு காரணம். குஞ்சுகளை வாரியது இன்னொரு காரணம்.

7. முழ நீளம்கூட இல்லாத வஞ்சிரத்தை ‘குட்டி வஞ்சிரம், ருசியா இருக்கும்’ என்று விற்றால் வாங்காதீர்கள். அது இன்னும் முட்டையிடாத இளமீன். வஞ்சிரம் சாப்பிட ஆசை என்றால் பெரிய மீனில் இரண்டு துண்டு வாங்குங்கள். விசேஷ நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. “இது போட்டு (விசைப்படகு) மீனா, நாட்டுப்படகு மீனா? வலையா, தூண்டிலா?” என்று கேட்டுப் பழகுங்கள். நான் முதலில் கேட்டபோது எங்கள் மீன்காரர் பதில் சொல்லாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். விடாமல் நாலைந்து வாரம் கேட்டேன். இப்போது அவரே, “அக்கா, இன்னைக்குத் தூண்டில் பாறை வந்திருக்குதுங்க, பாம்பன் சரக்கு” என்று எடுத்து வைக்கிறார். கேள்வி இவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கரைக்கும் போகும். நாட்டுப்படகு வலையிலும் வேண்டாத உயிர் சிக்கத்தான் செய்யும். ஆனால் விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலையைப் போல அது கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வருவதில்லை.

9. இறாலைக் குறையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கடலில் பிடிக்கும் இறாலில் பெரும்பங்கு இழுவைமடியில் வருவது. இறால் தரையோடு வாழ்வதால் மடி தரையை உரசிக்கொண்டே போகும். கடற்புல், சிப்பி, நண்டுக்குஞ்சு, மீன்குஞ்சு என்று இறாலைப் போலப் பல மடங்கு உயிர் கூடவே மேலே வரும். மூச்சு வாங்க மேலே வர வேண்டிய ஆமையும் அதில் மாட்டி மூச்சடைத்துச் சாகிறது. 2025 தொடக்கத்தில் சென்னைப் பக்கக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மடியில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தவில்லை என்று கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்காவே வாங்குவதில்லை. நாமும் மாதம் மூன்று முறை வாங்குவதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாக்கலாம்.

10. ‘அப்படியென்றால் பண்ணை இறால் வாங்கலாமா?’ என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. அது நம் மாவட்டத்தோடு சேர்ந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் எஸ்.ஜெகந்நாதனும் 1990களில் நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடினார்கள். நெல் விளைந்த நிலத்தில் உப்புநீர் தேக்கியதால் பக்கத்து வயலும் கிணறும் உப்பாகி, கூலி வேலை செய்த பெண்கள் பிழைப்பு இழந்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த தீவிர இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் வந்த சட்டம் பண்ணைகளைப் பதிவு செய்து நடத்த வழி செய்தது. இன்று கடைக்கு வரும் ‘வனாமி’ இறால் அப்படி வளர்ந்ததுதான். அதன் தீவனத்திலும் கடல் மீனை அரைத்த மாவு சேர்கிறது. ஆகவே பண்ணை இறாலையும் தினப்படிச் சாப்பாடாக்காமல் விருந்துச் சாப்பாடாகவே வையுங்கள்.

11. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் பழக்கம். இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு மத்தி பல்லாயிரம் முட்டை இடும். பால்சுறா ஓர் ஈற்றில் கைவிரலால் எண்ணும் அளவுக்குத்தான் குட்டி போடும். திருக்கையும் அப்படியே. வேகமாகப் பிடித்தால் ஈடுகட்ட அவற்றால் முடியாது. தாயின் நலத்துக்கும் ஒரு சேதி: பெரிய மீன்களைத் தின்று வாழும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சிறு மீன் என்று கொடுத்து, பால் போதவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள். திருக்கைக் கருவாட்டுக்கும் இதே விடைதான்.

12. சினை நண்டு கேட்டு வாங்காதீர்கள். வயிற்று மடிப்புக்கு வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைக்கொத்து தெரிந்தால் அந்த நண்டைத் தொடவே வேண்டாம். ஒரு நண்டைத் தின்பதாக நினைத்து லட்சக்கணக்கில் குஞ்சுகளை அழிக்கிறோம்.

13. பல வகைச் சிறு மீன்களைப் பழகுங்கள். சூடை, காரல், கிழங்கான், நகரை, நெத்திலி எல்லாம் முழுதாக வளர்ந்தாலும் சிறியவை, சீக்கிரம் பெருகுபவை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். காரலை மஞ்சள், பூண்டு போட்டு அவியலாக வைத்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குஞ்சாகப் பிடித்த பெரிய மீன் வேறு, வளர்ந்த சின்ன மீன் வேறு. இந்த வித்தியாசத்தை மீன்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

14. சூரை மீனை ‘ரத்த மீன்’ என்று ஒதுக்காதீர்கள். பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளால் அடித்தரையும் கெட்டு, அக்கரை ஈழத் தமிழ் மீனவர்களின் வலைகளும் அறுந்து பெரும் துயரம் ஆனது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டில், நம் இழுவைப்படகுகளை ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகளாக மாற்றும் அரசுத் திட்டம் தொடங்கியது. சூரைக்கு நம் ஊரில் கேட்பு இருந்தால்தான் அப்படி மாறிய மீனவருக்குக் கட்டுப்படியாகும். துண்டுகளை உப்புத் தண்ணீரில் கால் மணி ஊறவைத்துப் பிழிந்தால் ரத்த வாடை போகும். லட்சத்தீவிலிருந்து வரும் மாசிக்கருவாடும் சூரைதான். கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் வேண்டாத உயிர் அதிகம் சிக்குவதில்லை. ஒரு சிறு துண்டு மாசியை இடித்துப் போட்டால் சம்பலும் தேங்காய்த் துவையலும் மணக்கும்.

15. பார்த்து வாங்குங்கள். கண் பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். கெட்டுப்போய்க் குப்பைக்குப் போகும் மீன், கடலிலிருந்து வீணாக எடுத்த மீன்.

குளத்துக்குத் திரும்புவோம்

16. வாரத்தில் ஒரு கடல் மீன் நாளைக் குளத்து மீன் நாளாக மாற்றுங்கள். கட்லா குளத்தின் மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடும். மூன்றையும் சேர்த்து விட்டால் ஒரே குளத்துத் தண்ணீர் மூன்று பங்கு பயன் தரும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்று வளர்வதால், இவற்றுக்காகக் கடல் மீனை அரைக்க வேண்டியதில்லை. நாம் வாங்க வாங்க, பக்கத்து ஊர்க் குளத்தில் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கும் பிழைப்பு நடக்கும்.

17. ஜிலேபி மீனை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் இது. நமக்கு மேற்கே உள்ள அமராவதி அணை ஜிலேபிக்குப் பேர் போனது. காலையில் பிடித்தது மதியம் நம் சட்டிக்கு வரும். ஐஸ் செலவும் லாரிப் புகையும் குறைவு. ஆனால் உயிரோடு வாங்கிய ஜிலேபியைக் கிணற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். ஒன்று பெருகினால் நாட்டு மீன்களுக்கு இடம் இருக்காது.

18. குளத்து மீனில் மண் வாசம் வருகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. வழி இருக்கிறது. செதில் எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்த மோரிலோ புளித்தண்ணீரிலோ இருபது நிமிடம் ஊறவையுங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். குழம்பில் பூண்டையும் வெந்தயத்தையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். மண் வாசம் இருந்த இடமே தெரியாது.

19. அயிரை கிடைத்தால் கொண்டாடுங்கள். திண்டுக்கல், மதுரைப் பக்கத்து நாக்குக்கு இதைவிட வேறு விருந்து இல்லை. உயிரோடு வாங்கிய அயிரையை மண்சட்டியில் கல் உப்புப் போட்டு மூடி, அடங்கியதும் சட்டியின் சொரசொரப்பில் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் தெளியும் வரை ஏழெட்டு முறை ஆகும். தலை கிள்ள வேண்டாம், முழுதாகவே குழம்பில் போடலாம். கண்மாயில் நல்ல தண்ணீர் இருந்தால்தான் அயிரை வாழும். அயிரைக்கு ஆசைப்படுகிற ஊர் தன் கண்மாயைக் காப்பாற்றும்.

20. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்காதீர்கள். மலிவாகத்தான் கிடைக்கும். இதை வளர்க்கவும் விற்கவும் இந்தியாவில் தடை இருக்கிறது. வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குள் போனால் நாட்டு மீனின் குஞ்சு குறுமான் ஒன்றையும் விட்டுவைக்காது. அதேபோல ‘வாவல்’ என்று சொல்லி மலிவாக விற்பது பல நேரம் ரூப்சந்த் என்ற வளர்ப்பு மீன். கேட்டுத் தெரிந்து, அதற்கான விலை கொடுத்து வாங்குங்கள்.

அடுப்படியில்

21. கருவாட்டை வாசத்துக்குச் சேருங்கள், அளவுக்குச் சேர்க்காதீர்கள். ஒரு கிலோ கருவாட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு கிலோ பச்சை மீன் இருக்கிறது. நம் ஊர் மொச்சைக் கருவாட்டுக் குழம்பைப் பாருங்கள்: ஊறவைத்த மொச்சை இரண்டு கை, கத்திரிக்காய் நாலு, நாலைந்து துண்டுக் கருவாடு. ஆறு பேர் சாப்பிடலாம். மொச்சையிலேயே புரதம் வந்துவிடுகிறது. கருவாடு மணத்தைக் கொடுக்கிறது. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு முறை அலசினால் மணலும் உப்பும் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

22. கருவாடு பூச்சி பிடிக்காமல் இருக்க, வாங்கிய அன்றே அரை நாள் வெயிலில் காய வையுங்கள். ஆறியதும் நாலு காய்ந்த மிளகாயோடு கண்ணாடிச் சாடியில் போட்டு இறுக மூடுங்கள். மாதம் ஒரு முறை வெயில் காட்டுங்கள்.

23. தலை, வால், முள் எதையும் எறியாதீர்கள். பெரிய மீனின் தலையை இரண்டாகப் பிளந்து தனிக் குழம்பு வையுங்கள். நடுமுள்ளை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சளிக்கு நல்ல ரசம். செதிலையும் குடலையும் மண்ணில் ஒரு முழ ஆழத்தில் புதைத்து மேலே ஒரு முருங்கைக் கொம்பை நட்டுப் பாருங்கள்.

24. மீன் இல்லாத நாளிலும் மீன் குழம்பு வைக்கலாம். வாழைக்காயைச் சாய்வாகத் துண்டு போட்டு, மீன் வறுவல் மசாலாவைத் தடவி அரை மணி ஊறவைத்துத் தோசைக்கல்லில் சுடுங்கள். குழம்பு, மீனுக்கு வைப்பதே. மீன் எண்ணெய்ச் சத்து வேண்டும் என்பவர்கள் ஆளி விதையை வறுத்துப் பொடித்து இட்லிப்பொடியில் கலக்கலாம். மீனில் கிடைப்பதற்கு முழு ஈடாகாது, ஓரளவு உதவும். மீனை விட்டுக் கோழிக்கு மாறுவோர் ஒன்றை நினைவில் வையுங்கள்: இழுவைமடியில் வரும் ‘சங்காயம்’ என்ற பொடி மீன்கள் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்கும் போகின்றன. குப்பை கிளறித் திரியும் வீட்டுக்கோழியும் பயறு வகைகளும் இந்தக் கணக்கில் சேராதவை.

வீட்டு வாசலுக்கு வெளியே

25. நம் ஊர்த் தண்ணீரும் கடலுக்குத்தான் போகிறது. பழனி மலையடிவாரத்துச் சண்முகநதி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. இங்கே ஓடையில் வீசும் பிளாஸ்டிக் பை ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பயணத்தைத் தொடங்கும். பூஜைக் கழிவோ, பழைய துணியோ, எண்ணெயோ ஆற்றில் விடாதீர்கள். ராமேசுவரமோ கன்னியாகுமரியோ போனால் பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை போன்றவற்றை வாங்கி வராதீர்கள். இரண்டுமே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

26. தட்டை மாற்றினால் மட்டும் போதாது. ஊரோடு சேர்ந்து கேளுங்கள். நம் நாட்டு இறாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. அதை நம் அடுப்படி நிறுத்த முடியாது. கண்ணி சிறுத்த வலை, இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி போன்றவற்றைத் தடுப்பது அரசின் வேலை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. சட்டத்தை நடத்துங்கள் என்று கேட்கும் குரல் கடற்கரையில் இருந்து மட்டும் வந்தால் போதாது. மீன் தின்னும் உள்நாட்டு ஊர்களில் இருந்தும் வர வேண்டும். நம் பங்குக்குப் பேரூராட்சியிலும் கிராம சபையிலும், குளத்தைத் தூர்வாரி மீன்குஞ்சு விடுங்கள் என்று மனுக் கொடுப்போம். நம் குளம் நிறைந்தால் கடலின் பாரம் அந்த அளவுக்குக் குறையும்.

இருபத்தாறையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் அரைச் சாண் கணக்கில் தொடங்குங்கள். அடுத்த வாரம் மீன்காரரிடம் ‘போட்டு மீனா, நாட்டுப்படகு மீனா?’ என்று கேளுங்கள். வரும் சித்திரையில் இரண்டு மாதம் கடலை விட்டுவையுங்கள். மீனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்படகில் உயிரைப் பணயம் வைத்துப் போகும் மீனவர் குடும்பமும் நாம் வாங்குவதை நம்பித்தான் இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வாசத்தோடு எழுந்திருக்க வேண்டும். அதற்காக இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக, கொஞ்சம் விசாரித்து வாங்குங்கள், சகோதரிகளே.